குளம்பு மண்ணைத் தொடும் வரை

குதிரையின் காலில் உரோமம் முடிந்து குளம்பு தொடங்கும் இடத்தில், விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் ஒரு விளிம்பு உண்டு. குளம்பு பிறப்பது அங்கேதான். அந்த மேல்விளிம்புக்குள் ரத்தம் ஓடும் நுண்ணிய முனைகள் ஆயிரக்கணக்கில் கீழ்நோக்கி நிற்கின்றன. ஒவ்வொரு முனையைச் சுற்றியும் கெராட்டின் என்ற புரதம் திரண்டு, மெல்லிய குழலாகக் கெட்டிப்பட்டு, பின்னால் பிறப்பதற்கு வழிவிட்டுக் கீழே தள்ளப்படுகிறது. நம் நகத்தில் இருப்பதும் இதே புரதம்தான். ஆனால் நம் நகம் எதையும் சுமப்பதில்லை. இந்தச் சுவரோ ஏறக்குறைய 500 கிலோ எடையைத் தாங்கி ஓட வேண்டியது.

மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்வரை அது இறங்குகிறது. குளம்பின் முன்பக்கத்தில் இன்று பிறக்கும் இழை மண்ணைத் தொட 9 முதல் 12 மாதங்கள் ஆகும். குதிகால் பக்கம் சுவர் குட்டை என்பதால் நாலைந்து மாதத்திலேயே தரைக்கு வந்துவிடுகிறது. ஆகவே ஒரே குளம்பின் அடிவிளிம்பில் முன்பக்கம் ஓராண்டுப் பழசாகவும் பின்பக்கம் சில மாதங்களே ஆனதாகவும் இருக்கும். பின்பக்கத்தில் ஈரமும் நெகிழ்வும் கூடுதல். ஒவ்வொரு அடியிலும் அது சற்றே விரிந்து சுருங்குகிறது.

இறங்கத் தொடங்கிய பிறகு அதற்கு உயிரில்லை, நரம்பில்லை, ரத்தமில்லை. அதனால்தான் குளம்பில் விழுந்த வெடிப்பு ஒருநாளும் ஒட்டுவதில்லை. எண்ணெய் தடவலாம், தார் பூசலாம், கம்பியால் இழுத்துக் கட்டலாம். அது மேற்கொண்டு பிளக்காமல் தடுக்க முடியும், அவ்வளவுதான். அதற்கு மேலே புதுச்சுவர் முழுதாக இறங்கி, வெடித்த பகுதி தரைக்கு வந்து, வெட்டுப்பட்டு வெளியேற வேண்டும். குதிரை வளர்க்கிறவர்களுக்குக் குளம்பு சொல்லித்தரும் முதல் பாடம் இந்தத் தாமதம். இன்றைக்குக் கண்ணில் படும் கேடு போன மழைக்காலத்தில் விதைத்ததாக இருக்கும். இன்றைக்குச் செய்யும் நல்லதன் பலன் அடுத்த ஆண்டு தெரியும்.

ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற லிப்பிசானர் இனக் குதிரைகள் 42ஐ வைத்து நடந்து 1995இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தினமும் 20 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமின் கொடுத்த குதிரைகளின் குளம்பு தேறியது உண்மை. ஆனால் அந்த முன்னேற்றம் தெரியவே ஏறத்தாழ ஒன்பது மாதம் பிடித்தது. வளரும் வேகத்தில் மாற்றமில்லை. மாறியது மேல்விளிம்பில் புதிதாகப் பிறந்ததன் தரம். அது இறங்கிவரும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியே இல்லை. ஒரு மாதம் மருந்து கொடுத்துவிட்டுப் பயனில்லை என்று நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

சுவர் இறங்குகிறது என்றேன். எதன்மேல் இறங்குகிறது? உள்ளே குளம்பின் வடிவிலேயே ஓர் எலும்பு இருக்கிறது. காலின் கடைசி எலும்பு அதுதான். அது குளம்பின் அடியில் உட்கார்ந்திருப்பதாகத்தான் யாரும் நினைப்போம். உண்மையில் அது சுவரின் உட்புறத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சுவரிலிருந்து 550 முதல் 600 மெல்லிய மடிப்புகள் உள்நோக்கி நீள்கின்றன. எலும்பைப் போர்த்திய திசுவிலிருந்து அதே அளவு மடிப்புகள் வெளிநோக்கி வருகின்றன. இரு கை விரல்களையும் இறுகக் கோத்துக்கொண்டது போல இரண்டும் பின்னிக்கிடக்கின்றன. ஒவ்வொரு மடிப்பிலும் இன்னும் 150, 200 நுண்மடிப்புகள். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஒரு குளம்புக்குள் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் பரப்பு. குதிரையின் எடை முழுவதும் இந்தப் பிடியில்தான் நிற்கிறது. அந்தப் பிடியைக் கெடுக்காமலேயே சுவர் நாள்தோறும் நகர்ந்து இறங்குகிறது என்பது உடற்கூறு படித்தவர்களையே வியக்கவைக்கும் காரியம்.

இந்தப் பிடி விட்டுப்போவதுதான் லாமினைட்டிஸ். தானிய மூட்டையை அவிழ்த்து ஒரே ராத்திரியில் வயிறுமுட்டத் தின்ற குதிரைக்கு வரும். ஈன்ற பின் நஞ்சுக்கொடி விழாத பெட்டைக்கு வரும். வெயிலும் குளிரும் மாறும் பருவத்தில் சர்க்கரைச் சத்து ஏறிய இளம்புல்லை மேயும் கொழுத்த மட்டக்குதிரைக்கு வரும். எலும்பு கீழே இறங்கும், அல்லது பின்புறத் தசைநாண் இழுக்கிற இழுப்பில் நுனி திரும்பி உள்ளங்குளம்பைக் குத்தும். வலி சொல்லி மாளாது.

குதிரை வாய்திறந்து சொல்லாததை அதன் நிற்கும் விதம் சொல்லிவிடும். முன்னங்கால்களை முன்னே நீட்டி, பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் கொண்டுவந்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலில் பாரத்தை ஏற்றி ஒரு குதிரை நின்றால், அது சோம்பேறித்தனமாகவோ பிடிவாதமாகவோ நிற்கவில்லை. முன்குளம்பின் நுனியில் பாரம் விழாமல் பார்த்துக்கொள்கிறது. உடனே குனிந்து குளம்பைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். கணுவின் இருபுறமும் விரல் வைத்தால் மற்ற நாளில் தேடிப் பிடிக்க வேண்டிய நாடி திம்திம் என்று அடிக்கும். அப்போது மருத்துவரை அழைக்கத் தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பிடியிலிருந்து சில இழைகளை விடுவிக்கிறது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கிறிஸ் பாலிட் குழுவினர் செய்த சோதனையில், ஒரு காலை மட்டும் பனிக்கட்டி நீரில் வைத்திருந்த குதிரைகளுக்கு அந்தக் கால் தப்பித்தது. குளிர்விப்பது அவ்வளவு எளிய, அவ்வளவு பயனுள்ள சிகிச்சை. நோய் முற்றுவதற்கு முன்பே தொடங்க வேண்டும் என்பது மட்டும்தான் கட்டாயம்.

எல்லா நிற்கையும் இத்தனை அவசரமானதில்லை. சில மெல்ல மெல்லச் சேர்வன. குளம்பின் முன்சுவர் எந்தச் சாய்வில் இருக்கிறதோ, அதற்கு மேலே கணுவரை உள்ள பகுதியும் அதே சாய்வில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தால் ஒரே நேர்கோடாகத் தெரியும். வெட்டாமல் விட்ட குளம்பில் நுனி நீண்டு குதிகால் தாழ்ந்துபோகும். அந்தக் கோடு பின்னோக்கி உடையும். பின்புறத் தசைநாணும், அதை ஒட்டி இருக்கும் நாவிகுலர் என்ற சிற்றெலும்பும் ஒவ்வோர் அடியிலும் கூடுதல் இழுப்பை வாங்கும். நின்றால் ஒரு முன்னங்காலை எப்போதும் ஓர் அடி முன்னே வைத்தபடி நிற்கும் குதிரையைப் பார்த்தால் அந்தச் சிற்றெலும்பைத்தான் மருத்துவர் முதலில் சந்தேகிப்பார். பின்னங்குளம்பில் குதிகால் தாழ்ந்தால் கதை வேறு மாதிரி. குதிரை பின்னங்கால்களை வயிற்றுக்குக் கீழே இழுத்துக்கொண்டு, இடுப்பைத் தாழ்த்தி நிற்கும். முதுகுத்தசை கல்லாக இறுகும். ஏறி உட்கார்ந்ததும் முரண்டும். சவாரி செய்கிறவர் சேணத்தைக் குறை சொல்வார், புதுச் சேணம் வாங்குவார், முதுகுக்கு எண்ணெய் தேய்ப்பார். குளம்பை யாரும் பார்க்கமாட்டார்கள், ஏனென்றால் நொண்டவில்லையே!

குளம்பு நிற்கையை மாற்றுவது போல நிற்கையும் குளம்பை மாற்றும். நெதர்லாந்தில் 24 குதிரைக்குட்டிகளைப் பிறந்ததிலிருந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. கால் நீளமும் தலை சிறிதுமான குட்டிகளுக்குக் குனிந்து புல்லை எட்டுவது சிரமம். அவை ஒரு முன்னங்காலை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்து மேய்கின்றன. குட்டிகளில் ஏறத்தாழப் பாதி, எப்போதும் ஒரே காலை முன்வைக்கும் பழக்கத்துக்கு வந்துவிட்டன. முன்னே நீண்ட காலின் குளம்பு தட்டையாகவும், பின்னே நின்றதன் குளம்பு செங்குத்தாகவும் வளர்ந்தன. பசிக்கு மேய்ந்த விதம் குளம்பில் எழுதப்பட்டுவிட்டது. பிறந்த முதல் சில மாதங்களில் இதைத் திருத்தலாம், எலும்பு இன்னும் வளர்கிற காலம் அது. வளர்ந்து முடிந்த குதிரையின் கோணல் காலை, குளம்பை ஒருபக்கமாக வெட்டி நேராக்க முனைவது பெரும் பிழை. கோணல் மூட்டோடு சமாதானமாகிவிட்ட உடம்பை மறுபடி முறுக்குவதாகவே அது முடியும்.

இவ்வளவையும் உலகமே பார்த்துக்கொண்டிருக்க ஒரு குளம்பு நடத்திக்காட்டியது. 2006 மே 6ஆம் தேதி அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை ஆறரைக் குதிரை நீள வித்தியாசத்தில் வென்றது பார்பரோ என்ற மூன்று வயதுக் குதிரை. இரண்டு வாரம் கழித்து, மே 20 அன்று, பால்டிமோரில் பிரீக்னஸ் பந்தயம் தொடங்கிய சற்று நேரத்தில் அதன் வலது பின்னங்கால் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. மறுநாள் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்டன் மையத்தில் மருத்துவர் டீன் ரிச்சர்ட்சன் உலோகத் தகடும் 27 திருகுகளும் வைத்து அதைச் சேர்த்தார். மயக்கம் தெளியும்போது உதைத்துக்கொள்ளாமல் இருக்க, ரப்பர்த் தெப்பத்தில் கட்டிக் குளத்தில் மிதக்கவிட்டார்கள். எலும்பு ஒட்டத் தொடங்கியது.

பழுதானது உடையாத கால். ஆரோக்கியமான குதிரை நின்றுகொண்டே இருந்தாலும் பாரத்தை ஒரு காலிலிருந்து இன்னொன்றுக்கு ஓயாமல் மாற்றிக்கொண்டிருக்கும். கால் தளரும் ஒவ்வொரு முறையும் அந்த நுண்மடிப்புகளுக்குள் ரத்தம் பாயும். வலது காலில் ஊன்ற முடியாத பார்பரோவால் வாரக்கணக்கில் இடது காலைத் தளரவிடவே முடியவில்லை. ஜூலை நடுவில் அந்த இடது பின்குளம்பில் லாமினைட்டிஸ் கண்டது. பிடிவிட்ட சுவரில் 80 சதவீதத்தை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த நாளிலிருந்து அந்தக் குதிரையின் உயிர், மேல்விளிம்பிலிருந்து இறங்கவேண்டிய புதுச்சுவரை நம்பி இருந்தது. காலில் கட்டு, கட்டை அவிழ்த்து மறுகட்டு, ஒவ்வொரு முறையும் எத்தனை வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பது. ஆப்பிளும் கேரட்டும் வாழ்த்து அட்டைகளும் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்தன. நவம்பரில் வலது கால் கட்டிலிருந்து விடுபட்டது. நொறுங்கிய எலும்பு ஆறு மாதத்தில் சேர்ந்துவிட்டது. குளம்புக்கோ அந்தக் கால அளவு போதவில்லை. 2007 ஜனவரியில் இடது குளம்பின் புதுவளர்ச்சி மறுபடி பிரிந்தது. பாரம் வலது பக்கம் போக, அங்கே சீழ் கட்டியது. பிறகு முன்னங்குளம்புகள் இரண்டிலும் அதே நோய். ஜனவரி 29 அன்று ரிச்சர்ட்சன் குழுவினர் வலியிலிருந்து அதை விடுவித்தார்கள். நிற்பதற்கு ஒரு நல்ல கால்கூட மிச்சமில்லை. அறுவை சிகிச்சை தோற்கவில்லை. குளம்பு இறங்க ஓர் ஆண்டு வேண்டும் என்ற கணக்கை எந்தத் திறமையாலும் சுருக்க முடியவில்லை. பார்பரோவின் பெயரால் திரண்ட நிதியில் ஒரு பங்கு அந்த நோயின் ஆராய்ச்சிக்குப் போனது. அந்தக் குதிரையால் உலகுக்குக் கிடைத்த ஆகப்பெரிய நன்மை அதுதான் என்று நினைக்கிறேன்.

குளம்பைப் பார்க்க ஆளில்லாத நாட்டில் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்கோ போலோ, அரசரும் அவருடைய நான்கு சகோதரர்களும் ஆளுக்கு 2000க்கு மேல் குதிரைகளை ஆண்டுதோறும் வாங்குகிறார்கள், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்று எழுதினார். ஓர்முசிலிருந்தும் அரபுக் கரையிலிருந்தும் கப்பலேறி வந்த விலையுயர்ந்த குதிரைகள் அவை. பராமரிக்கத் தெரியவில்லை, லாடம் கட்டவும் குதிரை வைத்தியம் பார்க்கவும் ஆள் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். வணிகர்கள் அப்படிப்பட்ட ஆளைக் கூட்டிவருவதும் இல்லை, தானாக வருகிறவரை வரவிடுவதும் இல்லை. குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம்! இங்கே பிறக்கும் குட்டிகள் சவாரிக்கு ஆகாத கோணல் காலோடு பிறந்தன என்றும் அவர் குறிக்கிறார். பயணியின் மிகை இதில் எவ்வளவு என்பதை வரலாற்றாசிரியர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இங்கே குதிரைக்கு வறுத்த பார்லியும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் கொடுத்ததாக எழுதியிருப்பதையும் சேர்த்துப் படிக்கும்போது, வறண்ட மண்ணில் ஓடி வளர்ந்த குளம்புகள் ஈரக்கரையில், கட்டுத்தறியில், பழகாத தீனியில் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. கருவூலத்துப் பொன்னெல்லாம் குதிரைக்குப் போயிற்று, குளம்புக்கு ஒரு கைவினைஞனை வைக்கவில்லை.

அதற்கும் 1600 ஆண்டுகளுக்கு முன்னால் கிரேக்கரான ஜெனஃபோன், குதிரை வாங்கப் போகிறவர் முதலில் குளம்பைப் பார்க்க வேண்டும் என்று எழுதிவைத்தார். லாயத்துக்கு வெளியே கையடக்கமான உருண்டைக் கற்களை நாலைந்து வண்டி கொட்டி, குதிரையை அதன்மேல் நிறுத்தினால் குளம்பு உறுதிப்படும் என்பதும் அவர் சொன்னதே. லாடம் பரவாத காலத்து யோசனை அது, இன்றும் பொருந்துகிறது. சாணமும் மூத்திரமும் ஊறிய தரையில் நிற்கும் குதிரைக்கு, உள்ளங்குளம்பில் முக்கோணமாகப் புடைத்திருக்கும் ஃபிராக் என்ற பகுதியின் பள்ளங்களில் கறுப்பாகக் கசிந்து, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றத்தோடு அழுகல் பிடிக்கும். காய்ந்த தரையும், தினம் ஒருமுறை குளம்பைத் தூக்கிச் சுரண்டிச் சுத்தம் செய்யும் கையும் இருந்தால் பெரும்பாலும் அது வராது. ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குக் குதிரை வாங்கப் போகிறவர்கள் சுழி பார்க்கிறார்கள், பல் பிடித்துப் பார்க்கிறார்கள், நடையும் ஆட்டமும் பார்க்கிறார்கள். சுழி வாழ்நாள் முழுக்க மாறாதது. குளம்போ போன ஓர் ஆண்டின் கதையை அப்படியே வைத்திருக்கிறது. நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்பேன்.

என்ன பார்ப்பது? சுவரைச் சுற்றி வரிவரியாக வளையங்கள் ஓடும். சமமான இடைவெளியில் மெலிதாக ஓடினால் கவலையில்லை, மேய்ச்சல் மாறியிருக்கும், பருவம் மாறியிருக்கும். ஓர் இடத்தில் மட்டும் ஆழமாக ஒரு வரி நாலு குளம்பிலும் ஒரே உயரத்தில் இருந்தால், அந்தக் குதிரைக்குக் காய்ச்சலோ பெரிய நோயோ வந்து போயிருக்கிறது. மேல்விளிம்பிலிருந்து அந்த வரி எத்தனை தூரம் என்று அளந்தால் எத்தனை மாதத்துக்கு முன் என்றும் சொல்லிவிடலாம். வளையங்கள் முன்பக்கம் நெருங்கியும் குதிகால் பக்கம் அகன்றும் விரிந்தால் கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். பழைய லாமினைட்டிஸின் கையெழுத்து அது. மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கிய குளம்பிலும் விரல் நகத்தால் தடவினால் அந்த வரிகள் தட்டுப்படும்.

கடைசியில் சுவர் தரையைத் தொடுகிறது. காட்டில், நாளெல்லாம் பல மைல் அலையும் குதிரைக்குத் தரையே அதைத் தேய்த்துச் சமன்செய்துவிடும். கட்டிவைத்த குதிரைக்கு மனிதர் செய்ய வேண்டும், ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை. லாடக்காரர் குதிரையின் பின்பக்கம் பார்த்து நின்று, காலைத் தன் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்கிறார். பழைய ஆணிகளின் மடிந்த முனைகளை நிமிர்த்தி, குறடால் லாடத்தைப் பெயர்க்கிறார். ஆறு வாரத்துக்கு முன் ஆணி வெளிவந்த துளைகள் இப்போது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கீழே வந்திருக்கின்றன. வெட்டும் பகுதியோடு அவற்றில் சில போய்விடும். அடியில் சுவருக்கும் உள்ளங்குளம்புக்கும் நடுவே வெளிர்நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. ஆணி அதற்கு வெளிப்புறமாகவே ஏற வேண்டும். ஒரு நூலளவு உள்ளே போனால் உயிர்த்திசு. நல்ல லாடக்காரர் சுத்தியல் அடிக்கும் ஓசையிலேயே ஆணி எதில் போகிறது என்று அறிந்துகொள்வார். ஆனால் அவருடைய திறமை தெரிவது ஆணியில் மட்டுமில்லை. காலைத் தூக்குவதற்கு முன் பத்தடி தள்ளி நின்று, குதிரை எப்படி நிற்கிறது, எந்தக் காலை ஓய்வில் விடுகிறது, நடந்து வரும்போது குளம்பின் எந்தப் பக்கம் முதலில் தரையில் படுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் தெரிகிறது. கூலி கொடுக்கிறவர்கள் அந்த நேரத்தை வீண் என்று நினைத்து அவசரப்படுத்தக் கூடாது.

குறடு கடித்துத் துண்டித்த பிறைவடிவத் துண்டுகள் தரையில் விழுகின்றன. முன்பக்கத்துத் துண்டுகள் ஓராண்டுக்கு முன் மேல்விளிம்பில் பிறந்தவை. பக்கத்தில் நாய் இருந்தால் அதற்குள் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடிவிடும். குளம்புத் துண்டென்றால் நாய்களுக்கு உயிர். மற்றது குப்பைக்கோ தோட்டத்துக்கோ போகும். குளம்பையும் கொம்பையும் அரைத்த தூளில் நைட்ரஜன் ஏறத்தாழ 12 சதவீதம். கெராட்டின் சீக்கிரம் மக்காது என்பதால் செடிக்கு அது மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் கிடைக்கும். கால்நடைக் குளம்பும் கொம்பும் அரைத்த அதே தூளிலிருந்து எடுத்த புரதம்தான், எண்ணெய்க் கிடங்குகளிலும் கப்பல்களிலும் பற்றும் தீயை மூடி அணைக்கும் நுரைக்குப் பல பத்தாண்டுகள் மூலப்பொருளாக இருந்தது.